இலங்கையின் ஹட்டன் பஸ் நிலையத்தில் படுக்கும் பையன்களை என்ன செய்வது?

டிக்கோயாக்காரன்:
பஸ் நிலையத்தை ஒட்டிக் கடை வைத்திருக்கிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கினால் வாசலில் கருகிய ஈயத்தாள், தீர்ந்த லைட்டர். சிகரெட் பெட்டிக்குள் இருக்குமே, அந்தத் தாள்தான். தூள், அதாவது ஹெரோயின், இழுத்த அடையாளமாக நடுவில் கறுப்பாக ஒரு கோடு ஓடியிருக்கும். போன மாதம் பூட்டையும் உடைத்துவிட்டார்கள். எல்லாம் சிறுவர் இல்லத்தில் வளர்ந்த பையன்களாம். வளர்ப்புச் சரியில்லை. பிடித்துக் கந்தக்காட்டுப் போதை மறுவாழ்வு முகாமுக்கு அனுப்பினால் ஊர் நிம்மதியாக இருக்கும்.

பழைய மேட்ரன்:
அண்ணன், வளர்ப்பைப் பற்றிப் பேசியதால் சொல்கிறேன். ஓர் இல்லத்தில் 11 வருடம் இருந்தேன். அம்மா வெளிநாட்டில், அப்பா குடியில், தேயிலைத் தோட்ட லயத்து வீட்டில் பாட்டி மட்டும் என்ற பிள்ளைகளைத்தான் அதிகம் பார்த்தேன். 18 வயது முடிந்தால் ஃபைலை மூடி வெளியே அனுப்பிவிடுவோம். ஒருவனை நானே பஸ் ஏற்றினேன். ஒரு பை, பழுப்பு உறைக்குள் பிறப்புச் சான்றிதழ், அவ்வளவுதான். பாட்டி செத்துப் போயிருந்தார். அந்த லயத்து அறையில் சித்தப்பா குடும்பம், ஏழு பேர். வேலை கேட்டுப் போன இடத்தில் குடியிருக்கும் பிரிவின் கிராம சேவகர் சான்றிதழ் கேட்டார்கள். எந்தப் பிரிவில் போய் வாங்குவான்? மூன்றாம் வாரம் போன் பண்ணினான்: "படுக்க இடமில்லை மிஸ்."

லயத்துப்பயல்:
அக்கா, நானும் பசியோடு வளர்ந்தவன்தான். தூள் பக்கம் போகவில்லையே? வறுமையைச் சாட்டி எல்லாவற்றையும் மன்னிக்க முடியாது.

பழைய மேட்ரன்:
தம்பி, நீங்கள் திரும்பி வர ஒரு கதவு இருந்தது. அவன் ஏன் ஐஸ் என்ற போதைப்பொருளைத் தொட்டான் தெரியுமா? "அடித்தால் தூக்கம் வராது மிஸ், பசியும் தெரியாது. தூங்கினால் செருப்பைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள்" என்றான். இரண்டு நாள் விழித்த பிறகு தூங்குவதற்குத் தூள். குளிரில் ஒரு இரவு அங்கே இருந்து பாருங்கள்.

சட்டம்படிக்கிறவள்:
கந்தக்காடு என்கிறீர்கள். 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்த பிறகு நூற்றுக்கணக்கானோர் ஓடியதை மறந்தாச்சா? அதே ஆண்டுப் போதைப்பொருள் திருத்தச் சட்டத்தில் 5 கிராம் ஐஸுக்கே மரண தண்டனை வரை போகலாம். 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிரான பொலிஸின் யுக்திய நடவடிக்கை. இத்தனைக்கும் பிறகு உங்கள் வாசலில் ஈயத்தாள் கிடக்கிறதே! அமெரிக்காவில் வளர்ப்புக் குடும்பங்களில் இருக்கும் பிள்ளைகளை 21 வயது வரை பராமரிக்க, மாநிலங்களுக்கு 2008 சட்டம் வழி விட்டது. இங்கே ஏன் முடியாது?

லயத்துப்பயல்:
அங்கேயும் அந்தப் பிள்ளைகள் தெருவில் நிற்கிறார்கள். மூன்று வருடம் கூடுதலாகச் சோறு போட்டால் போதுமா? கையில் ஒரு தொழில் வேண்டும்.

பழைய மேட்ரன்:
அதில் சண்டை இல்லை. தொழில் பழகவும் இரவில் ஒரு பாய் வேண்டும் தம்பி.

டிக்கோயாக்காரன்:
சரி, என் பூட்டுக்கு யார் காசு தருவது? அதையும் யாராவது பேசுங்கள். மேட்ரன், அந்தப் பையன் இப்போ எங்கே?

பழைய மேட்ரன்:
ரொட்டிக்கடை ஒன்றில் நின்றான். விட்டான், மறுபடி தொடங்கினான். தீபாவளிக்குப் பிறகு போன் இல்லை.

டிக்கோயாக்காரன்:
ஆள் எப்படி இருப்பான்? வாசலில் படுக்கிறவர்களில் இருந்தால் சொல்கிறேன். பூட்டு விஷயத்தை மட்டும் விடமாட்டேன்.