நாலு வருஷமா தவில் வாசிக்கிறேன், வேகம் இருக்கு, நாதம் வரலை

தாதகாப்பட்டி தம்பி:
அண்ணன்மாருங்களுக்கு வணக்கம். மெதுவான முதல் காலத்துலருந்து வேகமான மூணாம் காலம் வரைக்கும் கை ஓடுதுங்க. தினம் ரெண்டு மணி நேரம் சாதகம். போன முகூர்த்தத்துல பெரியவர் ஒருத்தர் என் தவிலை வாங்கி வாசிச்சார். வலது கை விரல்ல மாட்டுற கெட்டி உறை, அந்தக் கூடு அவரோடது, இடது கைக் குச்சி என்னுதுதான். மண்டபமே அதிர்ந்துச்சு. நான் வாசிச்சா பலகையில தட்டுற மாதிரி கேக்குது. வருஷம் போகப் போகத் தானா வருமா?

அம்மாப்பேட்டைக்காரன்:
தானா வராது தம்பி. ஆனா வரும். நான் வாசிக்க வந்து 26 வருஷமாச்சு. முதல் ஆறேழு வருஷம் நானும் உங்கள மாதிரிதான், வேகத்தையே வித்தைன்னு நம்பிட்டிருந்தேன்.

சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுல ஒரு ராத்திரி, கூட வாசிச்ச நாகசுர அண்ணன் நிறுத்திட்டு என் இடது கையைப் பிடிச்சுப் பாத்தார். "குச்சிய இப்படி நெரிச்சா தோலு எப்படிப்பா பேசும்?"னார். அன்னிக்குத்தான் புரிஞ்சுது. அடிச்சதும் குச்சி தானா எகிறி வரணும். அது தோல்மேல ஒரு கணம் தங்கினாலும் அதிர்வு செத்துடும். வலது கை அடிக்கிற வலந்தலையிலயும் அப்படித்தான், உள்ளங்கை ஒட்டிக்கிட்டா "நம்" வராது, "டப்"னுதான் வரும்.

அதுக்கப்புறம் ஒரு வருஷம் முதல் காலம் மட்டும் வாசிச்சேன். "த தி தொம் நம்", ஒரு சொல்லு முழுசா அடங்கினப்புறம் அடுத்தது. வீட்ல எல்லாருக்கும் வெறுத்துப்போச்சு. ஆனா தோள் இறுக்கம் அந்த வருஷந்தான் விட்டுது.

மறக்க முடியாத இன்னொண்ணு, ஏற்காட்டுல சேர்வராயன் கோயில் மே மாசத் திருவிழா. மேல மூடுபனி, தொப்பித் தோல், அதான் குச்சி அடிக்கிற இடது பக்கம், ஈரத்துல தளர்ந்து தொங்கிப்போச்சு. சத்தம் வரலைன்னு நான் ஓங்கி ஓங்கி அடிச்சேன், இன்னும் மங்குச்சு. பக்கத்துல இருந்த மூத்தவர் ஸ்பேனரை எடுத்து நட்டை அரைச் சுத்து முறுக்கிட்டு, என்னைவிட மெதுவா அடிச்சார். மலையெல்லாம் கேட்டுச்சு. தோலோட நிலைமையக் கேட்டுட்டு அடிக்கிற அந்தக் காது எனக்கு வர இன்னும் அஞ்சாறு வருஷம் ஆச்சு.

தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி ஐயா 1975லயே மறைஞ்சுட்டார், அவரோட ஒலிப்பதிவு இன்னும் கிடைக்குது. வேகத்துக்காகக் கேக்காதீங்க. அந்த வேகத்துலயும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியா விழுது பாருங்க, அதுக்காகக் கேளுங்க. இப்பவும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடும்.

ஒரு வேலை செய்ங்க. போனை ரெக்கார்டுல போட்டு மூணு வீடு தள்ளி வெச்சுட்டு வாசிங்க.

செவ்வாய்ப்பேட்டை ரசிகன்:
அண்ணன் சொன்னதோட கூட்டையும் பாருங்க. விரலுக்குத் தளர்வா இருந்தாலோ சரியாக் காயாம இருந்தாலோ அடி வழுக்கும். உங்க விரலுக்கு நீங்களே சுத்திக் கட்டப் பழகுங்க.

தாதகாப்பட்டி தம்பி:
நேத்து ராத்திரி பக்கத்துத் தெரு அத்தை வீட்டுத் திண்ணையில போனை வெச்சுப் பாத்தேங்கண்ணா. வலந்தலை மட்டும் படபடன்னு கேக்குது, தொப்பி சுத்தமா இல்லை. நாலு வருஷமா இது தெரியாமயே வாசிச்சிருக்கேன். இன்னிலருந்து காலையில இடது கை மட்டும், முதல் காலம். குச்சிய எத்தனை விரல்ல பிடிக்கணும்னு மட்டும் சொல்லுங்கண்ணா.

அம்மாப்பேட்டைக்காரன்:
எழுத்துல சொன்னா தப்பாப் பிடிச்சுடுவீங்க. ஞாயித்துக்கிழமை குச்சியோட வாங்க, கையப் பிடிச்சுக் காட்டறேன்.