புதுச்சேரியை நடந்து பார்க்க: ஒயிட் டவுன் மட்டும் போதுமா?

திண்ணைவாசி:
அரை நாள் கையில் இருக்கிறது. புதுச்சேரியின் பழைய கட்டடங்களை நடந்தே பார்க்க எண்ணம். படங்களில் வருவதெல்லாம் மஞ்சள் மதிலும் காகிதப்பூவும்தான். எங்கே தொடங்கலாம்? எதைக் கவனிக்க வேண்டும்?

வாய்க்கால் மேற்கு:
கடற்கரைச் சாலையில் காலை 6 மணிக்குத் தொடங்குங்கள். 7.30 வரை அங்கே வண்டி கிடையாது. வெயிலும் முகப்புகளில் நேராக விழும். ஆனால் அங்கேயே பொழுதைப் போக்கிவிடாதீர்கள். கடலோரப் பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனில் வீடுகள் பல உயர்ந்த மதிலுக்குப் பின்னால் தள்ளி நிற்பவை. தெருவில் நடப்பவருக்கு மதிலும் வாயிலும்தான் கிடைக்கும்.

8 மணிக்குள் பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே தமிழர் பகுதிக்கு வந்து வைசியாள் வீதியைப் பிடியுங்கள். இங்கே வீடு தெருவிலேயே தொடங்குகிறது. கீழிருந்து மேலாகப் பாருங்கள். முதலில் மரக்கால் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம், வழிப்போக்கருக்கு நிழல். அடுத்து திண்ணை. அப்புறம் நிலைக்கதவு, நடை, முற்றம், எல்லாம் ஒரே நேர்கோட்டில். அண்ணாந்து பார்த்தால் மாடி பிரெஞ்சுப் பாணி: வளைவு ஜன்னல், சுவரோடு ஒட்டிய அரைத்தூண், சிறு தூண்கள் வைத்த கைப்பிடிச்சுவர். இந்தக் கலப்புதான் புதுச்சேரியின் தனிச்சொத்து. பிரெஞ்சு ஆட்சியில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையிலும் இதே கதை: கீழே செதுக்கிய மரத்தூண்கள், மேலே வெள்ளைக் காரைத் தூண்கள். உள்ளே போக அனுமதி கேட்க வேண்டும்.

சுண்ணாம்புச் சாந்து:
காலக்கணக்கைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 1761இல் ஆங்கிலேயர் இந்த ஊரை இடித்துத் தள்ளினார்கள். நாம் பார்ப்பதில் பெரும்பாலானவை 1765இல் பிரெஞ்சுக்காரர் திரும்பிய பிறகு எழுந்தவை. தெருக்களின் கட்டம் கட்டமான அமைப்பு அதற்கும் முந்தியது. 1693 முதல் 1699 வரை ஊரை வைத்திருந்த டச்சுக்காரர்கள் போட்ட திட்டம்.

காரை பெயர்ந்த சுவர் கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். மெல்லிய நாட்டுச் செங்கல், இடையில் சுண்ணாம்புச் சாந்து. தரையிலிருந்து 2, 3 அடிக்குப் பெயிண்ட் கொப்பளித்து வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறதா? பெரும்பாலும் சுண்ணாம்புச் சுவருக்குமேல் சிமென்ட் பூசி எமல்ஷன் அடித்திருப்பார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே செங்கல் உதிரும். கடற்காற்று உள்ள ஊரில் இது இன்னும் வேகமாக நடக்கும். பார்க்கவே வேதனையாக இருக்கும்.

கடற்கரைச் சாலையில் மேரி (நகராட்சி) கட்டடத்தைப் பழையது என்று எண்ணிவிடாதீர்கள். பழையது 2014 நவம்பர் மழையில் இடிந்துவிட்டது. இப்போதிருப்பது அதே வடிவில் திரும்பக் கட்டியது.

திண்ணைவாசி:
நன்றி. சாம்பல் நிறத்தில் வெள்ளை விளிம்போடு நிறைய கட்டடங்கள் இருக்கின்றனவே, அவை அரசுடையவையா?

வாய்க்கால் மேற்கு:
இல்லை, பெரும்பாலும் அரவிந்தர் ஆசிரமத்துடையவை. ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைத் தவறவிடாதீர்கள். அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து 1930களில் தொடங்கிய கான்கிரீட் கட்டடம். நீண்ட முகப்புகள் வடக்கும் தெற்கும் பார்த்தவை. ஜன்னலுக்குப் பதில் சுவர் முழுக்கத் திருப்பி வைக்கக்கூடிய கிடைப்பலகைகள். வெயிலைத் தடுத்துக் காற்றை விடும். ஆட்கள் தங்கும் இடம் என்பதால் தெருவிலிருந்தே பாருங்கள்.

படம் எடுப்பதாக இருந்தால் இன்னொன்று: வைசியாள் வீதி கிழக்கு மேற்காக ஓடுவது. டிசம்பர், ஜனவரியில் வெயில் தெற்கே சாய்ந்திருப்பதால் வடவரிசை வீடுகள்தான் பளிச்சென்று விழும். கதவு திறந்திருக்கிறதே என்று நடைக்குள் கேமராவை நீட்ட வேண்டாம், குடும்பங்கள் வாழும் வீடுகள். கேட்டால் பலர் முற்றம் வரை கூட்டிப்போய்க் காட்டுவார்கள்.