கைராலிட்டிக்குத் தமிழ்: கைச்சார்பா, கையமைவா?

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு மூலக்கூறும் அதன் ஆடிப் பிம்பமும், நம் இடக்கை வலக்கை போல, ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாத தன்மையே ‘கைராலிட்டி’. நம் கலைச்சொல் அகராதிக்கு இதற்கென இதுவரை வந்த மூன்று சொற்களில் ‘கைமை’ வேண்டாம். வாயால் சொல்லும்போது ‘கைம்மை’ ஆகிவிடும். அது கணவனை இழந்த நிலை.

‘சீர்மையின்மை’ வேதியியலுக்கே பொருந்தாது. புளியில் இருக்கும் டார்டாரிக் அமில மூலக்கூறை ஓர் அச்சில் 180 பாகை சுழற்றினால் முன்பிருந்தபடியே நிற்கும். சீர்மை இருக்கிறது, ஆனாலும் அதன் ஆடிப் பிம்பத்தை அதன்மேல் பொருத்த முடியாது.

மூன்றாவதான ‘சுழித்தன்மை’தான் மாணவரை அதிகம் குழப்பும். வலஞ்சுழி, இடஞ்சுழி என்பவை ஒரே தளத்தில் அதிரும் ஒளியின் அந்தத் தளத்தை ஒரு கரைசல் எந்தப் பக்கம் திருப்புகிறது என்ற அளவீட்டுக்கு உரியவை. மூலக்கூறின் வடிவம் வேறு; ‘டி’, ‘எல்’ என்பவை அதன் இரு எதிர்க்கை வடிவங்களின் பெயர்கள். டி-குளுக்கோஸ் +52.7 பாகை (வலப்பக்கம்) திருப்புகிறது, டி-ஃப்ரக்டோஸ் ஏறத்தாழ −92 (இடப்பக்கம்). இரண்டும் ‘டி’ வடிவமே. தண்ணீரில் எல்-அலனின் வலப்பக்கம் திருப்பும், எல்-செரின் இடப்பக்கம். வடிவத்துக்கும் சுழற்சிக்கும் ஒரே சொல்லை வைத்தால் ‘எல் என்றால் இடஞ்சுழி’ என்று பிள்ளைகள் எழுதுவார்கள். இப்போதே எழுதுகிறார்கள்.

என் பரிந்துரை: கைச்சார்பு. இல்லாதது கைச்சார்பிலி. பிம்ப ஜோடிக்கு ஆடியிணை. இரண்டும் சம அளவில் கலந்திருந்தால் சமக்கைக் கலவை. 1848இல் வேதியியலாளர் லூயி பாஸ்டர் டார்டாரிக் அமில உப்பின் படிகங்களை இடுக்கியால் இருவகையாகப் பிரித்தெடுத்தது இத்தகைய கலவையிலிருந்துதான்.

உயிரியலுக்கு இன்னொரு சொல் கட்டாயம் தேவை. நம் புரதங்கள் 20 அமினோ அமிலங்களால் ஆனவை. கிளைசினின் நடுக் கார்பனில் இரண்டு ஹைட்ரஜன்கள் இருப்பதால் அது கைச்சார்பிலி. மற்ற 19உம் எல் வடிவம். டி.என்.ஏ.வின் சர்க்கரையோ டி வடிவம். இந்த ஒருபக்கத் தேர்வை ‘ஒருகைச்சார்பு’ எனலாம். நொதியில் மூலக்கூறு வந்து உட்காரும் பிளவும் ஒரே கை உடையது என்பதால் எதிர்க்கை மூலக்கூறு அதில் சரியாக உட்காராது. மூக்குக்கும் இது தெரியும்: சதகுப்பை மணத்தின் கார்வோனும் ஸ்பியர்மின்ட் புதினாவின் கார்வோனும் ஆடியிணைகள்.

—

ஐயா, வணக்கம்.

சுழித்தன்மையை நீங்கள் மறுத்தது முழுக்கச் சரி. ஆடியிணையும் சமக்கைக் கலவையும் அப்படியே இருக்கட்டும். ‘சார்பு’ மட்டும் இடிக்கிறது. பள்ளிக் கணக்கில் அது எஃப்(எக்ஸ்)-க்கு உரிய சொல். ‘மடக்கைச் சார்பு’ படிக்கும் அதே வகுப்பில் ‘கைச்சார்பு’ வந்தால் அதையும் ஏதோ ஒரு சார்பு என்றே எடுத்துக்கொள்வார்கள். பொருளளவிலும் மூலக்கூறு எந்தக் கையையும் சார்ந்து இல்லை. அதன் அமைப்பே கைபோல இருக்கிறது. ஆகவே கையமைவு, கையமைவிலி, ஒருகையமைவு. ‘கார்பன்’ என்று எழுதுபவரும் இலங்கையில் ‘காபன்’ என்று எழுதுபவரும் தத்தம் சொல்லோடு இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

வரையறையோடு செய்முறையும் அகராதியில் வரவேண்டும். ஒரு கருப்பு உருண்டை, நான்கு நிற உருண்டைகள், நான்முகியாக நான்கு குச்சிகள். இப்படி ஒன்றையும் அதன் பிம்பத்தையும் செய்து பொருத்திப் பார்க்கச் சொல்லலாம், பொருந்தாது. ஏதேனும் இரண்டு நிறங்களை இடம் மாற்றினால் கை மாறும், இன்னொரு முறை மாற்றினால் பழைய கை வரும். இரண்டு உருண்டைகள் ஒரே நிறமானால் கையமைவு போய்விடும்.

தாளில் வரையும்போதுதான் தவறு நடக்கிறது. ஒரே மையம் உள்ள ஃபிஷர் படத்தை (மூலக்கூறைக் கிடை, செங்குத்துக் கோடுகளால் காட்டும் படம்) தாளின் தளத்தில் 180 பாகை திருப்பலாம், 90 திருப்பக் கூடாது. அதில் கிடைக் கோடுகள் நம்மை நோக்கியும் செங்குத்துக் கோடுகள் பின்னோக்கியும் இருப்பவை. 90 பாகையில் இரண்டும் இடம் மாறுவதால் எல்-அலனின் டி-அலனினாகிவிடும்.

மருந்தியல் பக்கத்துக்கு ஒரு குறிப்பு: ‘ஒரு கையைப் பிரித்தெடுத்தால் பாதுகாப்பு’ என்று பொதுவாக எழுத வேண்டாம். தாலிடோமைடு என்ற மருந்தின் இரு கை வடிவங்களும் உடலுக்குள் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடியவை. இதற்கு ‘கைமாற்றம்’ என்றால் கடன் நினைவுதான் வரும். ‘கையமைவு மாற்றம்’ என்றே போடலாம்.