நம்ம வீடு குரூப்: பெரியப்பாவின் கட்டைவிரல்

பெரியம்மா: உங்க பெரியப்பா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ஏற்காட்டிலிருந்து நல்லாத்தான் இறங்கி வந்தார், நடுராத்திரியில் கால் கட்டைவிரல் மூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே கத்துகிறார்.

பெரியப்பா: கத்தவெல்லாம் இல்லை.

முருகேசன் மாமா: யூரிக் ஆசிட்தான் மச்சான், அது ஏறினால் வரும் கவுட் என்கிற மூட்டுவலி. இன்றைக்கே பருப்பு, கீரையை நிறுத்துங்க.

கவிதா: அது ரெண்டும் என்ன பாவம் பண்ணியது மாமா? ஈரல், நெத்திலி, மத்தி, பீர், இனிப்பு கூல்டிரிங்க்ஸ், இதெல்லாம்தான் ஏற்றும். ஏற்காட்டில் யார் என்ன குடித்தீர்கள் என்று நான் கேட்கவில்லை 😄 ஆனால் பெரும்பாலும் கிட்னி யூரிக் ஆசிடைச் சரியாக வெளியேற்றாததுதான் காரணம், தேங்குவது மூட்டில் படிகமாகப் படிந்துவிடும். பெரியப்பா, பிரஷருக்குப் போடும் நீர் மாத்திரையும் ஏற்றலாம், நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்க.

பெரியப்பா: காலையில் லேபில் பார்த்தாச்சு, யூரிக் ஆசிட் 6.1. நார்மல்னு போட்டிருக்கு. அப்ப கவுட் இல்லைதானே?

கவிதா: அப்படிச் சொல்ல முடியாது. வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் அளவு இறங்கிக் காட்டும், அடங்கி ரெண்டு வாரமாவது கழித்து மறுபடி பார்க்கணும். சந்தேகம் இருந்தால் மூட்டு நீரை ஊசியில் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள், ஊசி ஊசியாகப் படிகம் தெரிந்தால் கவுட்தான். காய்ச்சல் இருக்கா? மூட்டில் கிருமி புகுந்தாலும் இதே மாதிரிதான் வீங்கும், அதைத் தள்ளிப்போடக் கூடாது.

பெரியம்மா: காய்ச்சல் இல்லை. சாயங்காலம் கூட்டிப்போகிறேன்.

பெரியம்மா: போயிட்டு வந்தாச்சு. கவுட்தானாம். கோல்சிசின் கொடுத்திருக்கிறார், பேதியானால் உடனே சொல்லச் சொன்னார். ரெண்டு வாரத்தில் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு அல்லோபூரினால் ஆரம்பிக்கலாமாம்.

முருகேசன் மாமா: வலி நின்றதும் எல்லாத்தையும் விட்டுடுங்க மச்சான், கிட்னி கெட்டுடும்.

கவிதா: மாமா!! கோல்சிசின் வலிக்கு. அல்லோபூரினால் யூரிக் ஆசிடை 6-க்குக் கீழேயே வைத்திருக்க. வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் போடணும், பெரும்பாலும் ஆயுசுக்கும். 100 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். முதல் சில மாதம் நடுவில் வலி வந்துபோகலாம், மருந்து வேலை செய்யவில்லை என்று விட்டுவிடாதீங்க. உடம்பில் தடிப்பு வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடணும்.

பெரியப்பா: மாம்பழம்?

கவிதா: ரெண்டு துண்டு சாப்பிடுங்க. ஜூஸ் வேண்டாம்.

பெரியப்பா: காபி?

கவிதா: தாராளமா, சர்க்கரையைக் குறைச்சுக்கோங்க. அப்புறம் துணியில் ஐஸ் சுற்றி விரல்மேல் வையுங்க.

பெரியம்மா: வீட்டில் ஐஸ் இல்லை. முருகேசா, வரும்போது வாங்கிட்டு வா.

முருகேசன் மாமா: சரிக்கா.