குழு: குடியாத்தம் பெரிய வீடு (பிசாநத்தம் போகும் வழி)

வெள்ளிக்கிழமை

பெரியப்பா, காலை 5:48
அனைவருக்கும் வணக்கம். தீபத்துக்கு வந்த பிள்ளைகள் திங்கட்கிழமை வரை ஊரில் இருக்கப் போவதாகச் சொன்னதால், நெடுநாளாக மனத்தில் கிடந்த ஓர் ஆசையை இங்கே எழுதுகிறேன். நம் மூத்த அண்ணன் எண்பதுகளில் வேலை பார்த்த, குப்பம் பக்கத்துப் பிசாநத்தம் தங்கச் சுரங்கத்தை நான் ஒரு முறை பார்த்துவிட்டு வர வேண்டும். அவர் இருந்த காலத்தில் இரண்டு தடவை போயிருக்கிறேன். குடுப்பல்லியில் இறங்கி, சுரங்கத்து லாரி வரும்வரை காத்திருந்து, அதில் தொற்றிக்கொண்டுதான் போக வேண்டும். இப்போது அந்த லாரி இல்லை. அது ஓடிய பாதை எந்த நிலையில் இருக்கிறது என்பதை அறிந்தவர்கள் எழுதுங்கள். வழக்கம்போல் முழு வாக்கியமாக எழுதவும். கட்டைவிரல் படம் மட்டும் போடுகிறவர்களுக்கு வண்டியில் இடம் கிடையாது.

அண்ணன், காலை 7:20
அப்பா, ஞாயிற்றுக்கிழமையே போய்விடலாம். புதிய வண்டி தரையிலிருந்து நல்ல உயரம் உள்ளது, மேடு பள்ளம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கைப்பேசி வரைபடத்தில் பார்த்தேன். பேர்ணாம்பட்டு, பத்தலப்பள்ளி கணவாய், வி.கோட்டா என்று போய், அதன் பிறகு மலையை ஒட்டி ஒரு குறுக்குவழி நேராகச் சுரங்கத்துக்கே கொண்டுபோய் விடுகிறது. காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குக் கோலார் தங்கவயலுக்குப் போய்விடலாம்.

லாரி மாமா, காலை 7:52
மாமாவுக்கு வணக்கம். மருமகன் சொல்லும் அந்தக் குறுக்குவழி வரைபடத்தில் மட்டும்தான் வழி. குப்பத்திலிருந்து பச்சைக் கிரானைட் பாளங்களைச் சென்னைத் துறைமுகத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்த ஒன்பது ஆண்டுகளில், அந்தப் பக்கத்துத் தடங்கள் பெரும்பாலும் எனக்குப் பழக்கம். ஆட்டுக்காரர்கள் நடந்து நடந்து தேய்ந்த கொடிவழியையும் கைப்பேசி சாலை என்றே கோடு போட்டுக் காட்டும். வி.கோட்டாவிலிருந்து தார்ச்சாலையிலேயே குப்பம் போய், அங்கிருந்து குடுப்பல்லி வந்து, கடைசித் துண்டுக்கு மட்டும் மண்பாதையில் இறங்குவதுதான் முறை. தூரம் கூடினாலும் நேரம் கூடாது.

தங்கை (பெங்களூரு), காலை 8:31
பெரியப்பா, நான் இங்கிருந்து ரயிலில் வந்து உங்களோடு சேர்ந்துகொள்கிறேன். பங்காருப்பேட்டைக்கும் குப்பத்துக்கும் நடுவில் பிசாநத்தம் என்றே ஒரு நிலையம் இருக்கிறது. ஆனால் ஒரு சந்தேகம். அவ்வளவு பெரிய தங்கவயல் பக்கத்திலேயே இருக்கும்போது, யாரும் பெயர் கேட்டறியாத இந்தச் சிறிய சுரங்கத்துக்கு ஏன் இவ்வளவு சிரமப்பட வேண்டும்?

பெரியப்பா, காலை 9:15
நல்ல கேள்வி. தங்கவயலை உலகமே எழுதிவிட்டது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் வந்ததும், 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து அங்கே மின்சாரம் வந்ததும், சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியதும், 2001 பிப்ரவரி 28ஆம் தேதி எல்லாம் மூடப்பட்டதும் புத்தகங்களில் இருக்கின்றன. அந்த ஆழத்தில் இறங்கிய கூலிகளில் நம் வடஆர்க்காட்டுக்காரர்கள் எத்தனை பேர் என்பதையும் இங்குள்ள பழைய குடும்பங்கள் அறியும். ஆனால் அந்தத் தங்கக்கல் பட்டை தங்கவயலோடு முடிந்துவிடவில்லை. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளம் ஓடுகிறது. அதன் தென்கோடியில் இருப்பவைதான் பிசாநத்தமும் சிகர்குண்டாவும். இன்னொன்றையும் கேள். 1911இல் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்படும்வரை அந்தக் குப்பம் சீமை நம் வடஆர்க்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. என் கணக்கில் அது வெளியூர் இல்லை. மூத்த அண்ணன் தங்கவயலில் சங்கு ஊதும் நேரத்துக்கு எழுந்து பழகியவர். பிசாநத்தத்துக்கு மாற்றியபோதுதான் முதன்முதலாகக் காட்டுக்குள் வாழ்ந்தார். அவரைப் பற்றி எனக்குத் தெளிவாக நினைவிருப்பவை அந்த இரண்டு பயணங்கள்தான். ஓய்வுக்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர் பேசியதைவிட இருமியதே அதிகம்.

சின்ன அத்தை (பேர்ணாம்பட்டு), காலை 9:40
அண்ணா, அவர் அங்கிருந்து கொண்டுவந்து கொடுத்த வெள்ளைக் கல் இன்னும் என் வீட்டுப் பின்கட்டுக் கதவுக்கு முட்டாகக் கிடக்கிறது. அதில் தங்கம் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி என்னைப் பல ஆண்டுகள் ஏமாற்றினார். நீங்கள் போவதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கணவாயில் யானை இறங்குகிறது என்று இங்கே வாரம் ஒரு செய்தி வருகிறது. போன மாதம் எங்கள் தெருக்காரர் ஒருவரின் மாந்தோப்பில் வேலியையும் குழாயையும் மிதித்துவிட்டுப் போயிருக்கிறது. இருட்டோடு கணவாய் ஏற வேண்டாம்.

லாரி மாமா, காலை 10:05
அத்தை சொல்வதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கணவாயைத் தாண்டினால் அந்தப் பக்கம் கவுண்டின்யா சரணாலயம். 1990இல் யானைக்காகவே அறிவிக்கப்பட்ட காடு. விடிந்த பிறகு ஏறி, மாலை ஐந்து மணிக்குள் இறங்கிவிட வேண்டும். யானை சாலையில் நின்றால் ஒலியெழுப்புவதும், விளக்கை அடித்து அடித்துக் காட்டுவதும் கூடாது. எஞ்சினை அணைக்காமல் தூரத்திலேயே நின்று, அது போகும்வரை பொறுத்திருக்க வேண்டும். பின்னோக்கி எடுக்க இடம் இருக்கும் வளைவாகப் பார்த்து நிற்பது நல்லது.

அண்ணன், காலை 10:30
சரி மாமா, விடிந்ததும் புறப்படலாம். கடைசி மண்பாதையைப் பற்றிச் சொல்லுங்கள். லாரி ஓடிய பாதையில் கார் ஓடாதா?

லாரி மாமா, காலை 11:18
இப்போதுதான் வண்டியை ஓரங்கட்டினேன், அதனால் விரிவாகவே எழுதுகிறேன். சுரங்கத்துப் பாதையின் குணமே வேறு. பாரம் ஏற்றிய லாரிக்காக மொரம் என்னும் சரளை மண் கொட்டி நன்றாகத்தான் போட்டிருப்பார்கள், ஆனால் சுரங்கம் மூடிய நாளிலிருந்து அதன் சிறுபாலங்களில் அடைத்த மண்ணை எடுக்க ஆளில்லை. குழாய் அடைத்தால் மழைத்தண்ணீர் பாதையின் மேலேயே ஓடும். இருபது மழைக்காலம் அப்படி ஓடினால், மேலே புல் முளைத்துச் சமமாகத் தெரியும் இடத்துக்கு அடியில் மண் கரைந்து பொந்தாக இருக்கும். ஆகவே புல் மூடிய இடத்தில் முதலில் மனிதன் நடக்க வேண்டும், பிறகுதான் சக்கரம்.

லாரிச் சக்கரங்கள் உழுத இரண்டு பள்ளங்களுக்கு நடுவில் ஒரு மேடு இருக்கும். புதிதாக ஓட்டுகிறவர்கள் பள்ளத்துக்குள்ளேயே சக்கரத்தை விட்டுப் போவார்கள். நடுமேட்டில் இருக்கும் கல், எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் சேம்பரைக் கிழித்துவிடும். ஒரு பக்கத்துச் சக்கரம் நடுமேட்டின் மேலும், மறு பக்கத்துச் சக்கரம் பாதையின் ஓரத்து மேட்டிலும் ஏறிப் போகும்படி ஓட்ட வேண்டும். வண்டியின் உயரம் எவ்வளவு என்பதைவிட இந்த ஒன்று முக்கியம். இறக்கத்தில் முதல் கியரில் விட்டுவிட்டுக் கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடு. எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். சரளைக்கல்லில் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது. ஸ்டீயரிங்கின் கம்பிக்குள் கட்டைவிரலை நுழைத்துப் பிடிக்காதே. கல்லில் சக்கரம் மோதினால் ஸ்டீயரிங் வெட்டித் திரும்பும், விரல் போய்விடும்.

நான், காலை 11:35
மாமா, இப்போதுதான் வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்திருக்கிறது. 2021 நவம்பரில் கவுண்டன்ய நதியில் வந்த வெள்ளத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்தப் பாதையில் கானாறு எதுவும் குறுக்கிடுகிறதா?

லாரி மாமா, காலை 11:50
ஒன்று குறுக்கிடுகிறது. குடுப்பல்லிப் பக்கம் எனக்குத் தெரிந்த டிராக்டர்காரர் ஒருவர் இருக்கிறார்; நேரில் போய்ப் பார்த்துப் படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதுவரை யாரும் எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

சனிக்கிழமை

லாரி மாமா, காலை 8:02
[படம்] [படம்]
முதல் படத்தில் தெரிவது கானாறு. தண்ணீர் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது என்று சொல்கிறார். ஆனால் இரண்டாம் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அக்கரையில் ஏறும் இடத்தில் சிறுபாலத்தின் ஒரு பக்கம் இடிந்து, குழாய் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. ஒரு கார் அகலத்துக்குத்தான் மண் மிச்சம் இருக்கிறது; அந்த மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

அண்ணன், காலை 8:20
முழங்காலுக்குக் கீழே என்றால் இந்த வண்டி தாராளமாக இறங்கும் மாமா. மெதுவாக ஓரமாகப் போனால் கடந்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

லாரி மாமா, காலை 8:26
தண்ணீரில் இறங்கிவிடலாம், அதில் ஐயமில்லை. ஏறுகிற கரையில்தான் வண்டி நாலு பேரின் எடையோடு அந்த மண்ணின் மேல் ஏற வேண்டும். காலியான டிப்பரை அப்படி ஒரு கரையில் ஏற்றி, பின்சக்கரம் குழாய்க்குள் இறங்கி, ஒன்றரை நாள் காட்டில் உட்கார்ந்திருந்தவன் நான். கைப்பேசிக்கு அங்கே சமிக்ஞையும் கிடையாது. வண்டி இக்கரையிலேயே நிற்கட்டும். அங்கிருந்து ஒன்றேகால் கிலோமீட்டர்தான், நடந்துவிடலாம்.

சின்ன அத்தை (பேர்ணாம்பட்டு), காலை 8:40
அண்ணனின் முழங்காலை மறந்துவிட்டு எழுதுகிறீர்கள். அவர் தீபத்தன்று மாடிப்படி ஏறவே மூன்று இடத்தில் நின்றார்.

பெரியப்பா, காலை 9:02
முழங்காலைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்ததற்கு நன்றி. நடக்க இயலாது என்பது உண்மைதான். என் பொருட்டு வண்டியை ஆபத்தில் இறக்க வேண்டாம். நான் இக்கரையில் உட்கார்ந்துகொள்கிறேன், பிள்ளைகள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

நான், காலை 9:10
பெரியப்பா, நீங்கள் பார்ப்பதற்காகத்தான் எல்லோரும் வருகிறோம். மாமா, படம் அனுப்பினாரே, அவருடைய டிராக்டரே அந்தக் கானாற்றைக் கடக்குமா?

லாரி மாமா, காலை 9:31
இந்த யோசனை எனக்கு வந்திருக்க வேண்டும். கேட்டுவிட்டேன், அவர் அந்தச் சிறுபாலத்தைத் தொடாமல் இன்னும் சற்று மேற்கே, பாறை படுத்திருக்கும் இடமாகப் பார்த்து வாரம் இரண்டு முறை மறுகரைக்குப் போகிறாராம். பின்பெட்டியில் வைக்கோலைப் பரப்பி, அதன் மேல் கோணியை மடித்துப் போட்டு மாமாவை உட்காரவைத்து, நடை வேகத்தில் ஓட்டுவதாகச் சொல்கிறார். கூலி பேசிவிட்டேன், அதைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம்.

பெரியப்பா, காலை 9:38
அன்றைக்கு லாரியின் பின்பெட்டியில் சிமென்ட் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து போனேன். வைக்கோல் அதைவிட உயர்வுதான்.

தங்கை (பெங்களூரு), காலை 10:15
சுரங்கத்துக்குள்ளே சிறிது தூரம் போய்ப் பார்க்க முடியுமா?

லாரி மாமா, காலை 10:44
கூடாது. இதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. வேலி போட்ட இடத்துக்குள் நுழையக் கூடாது. அங்கே யாராவது காவலில் இருந்தால் அவர் சொன்ன இடத்தோடு நின்றுவிட வேண்டும். மூடிய சுரங்கத்துக்குள் காற்று கெட்டிருக்கும். மணமும் நிறமும் இல்லாததால் மயங்கி விழும்வரை தெரியாது. வெளியில் நடக்கும்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தங்கக்கல் கோடு போட்டதுபோல் வடக்குத் தெற்காகத்தான் ஓடும் என்று மாமா எழுதினார் அல்லவா? பழங்காலத்தில் தோண்டிப் பார்த்த குழிகளும் அந்தக் கோட்டின் மேலேயே வரிசையாக இருக்கும். ஒரு குழியைப் பார்த்துவிட்டால், அதற்கு வடக்கேயும் தெற்கேயும் உண்ணிச்செடிக்குள் மூடியபடி இன்னும் சில குழிகள் இருப்பதாகவே எண்ணி நடக்க வேண்டும். கிழக்கு மேற்காக விலகிப் போவதே பாதுகாப்பு. சிறுபிள்ளைகளை யாரும் கையைவிட்டுவிடக் கூடாது.

திரும்பும்போது தங்கவயல் போவதாக இருந்தால், அங்கே வெள்ளையாக மலைபோல் நிற்கும் சயனைடு மேடுகளின் மேல் ஏறிப் படம் எடுக்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். கல்லை அரைத்துத் தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய மண் அது. காற்றடித்தால் அந்தத் தூசி ஊருக்குள்ளேயே வருகிறது என்று அங்குள்ளவர்கள் குறைபடுகிறார்கள்.

பெரியப்பா, காலை 11:00
தூசியைப் பற்றி நம் வீட்டில் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை.

சின்ன அத்தை (பேர்ணாம்பட்டு), பிற்பகல் 1:20
புளியோதரையும் தயிர்சோறும் நான் கட்டித் தருகிறேன். போகும் வழியில் வீட்டு வாசலில் நின்று வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வெள்ளைக் கல்லையும் துடைத்துப் பையில் வைத்திருக்கிறேன். எடுத்த இடத்திலேயே போட்டுவிட வேண்டும் என்பதில்லை. அண்ணா அங்கே ஒரு முறை கையில் வைத்திருந்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தால் போதும். கதவு காற்றில் அடித்துக்கொள்கிறது.

லாரி மாமா, மாலை 4:05
மருமகனே, இன்று இரவே செய்ய வேண்டியவற்றை எழுதுகிறேன். டீசலை வி.கோட்டாவிலேயே நிரப்பிவிட வேண்டும். தாம்புக்கயிறு ஒன்று, பழைய கோணி நான்கு, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டு, மண்வெட்டி ஒன்று, குடிதண்ணீர் இருபது லிட்டர். சேற்றில் சக்கரம் சுழன்றால் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இறங்கி, சக்கரத்துக்கு முன்னால் கோணியை விரித்துவிட்டுப் பிறகு எடு. மண்பாதையில் திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் கிலோமீட்டர் எண்ணைத் தாளில் குறித்துக்கொள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஸ்டெப்னியின் காற்றைப் பார்; நாலு சக்கரத்தைப் பார்க்கிறவர்கள் ஐந்தாவதை மறந்துவிடுவார்கள்.

பெரியப்பா, மாலை 6:10
காலை ஐந்தே முக்காலுக்கு நெல்லூர்ப்பேட்டை ஏரிக்கரைச் சாலையில் சந்திப்போம். பேர்ணாம்பட்டில் சோற்று மூட்டையை வாங்கிக்கொண்டு நன்றாக விடிந்த பிறகு கணவாய் ஏறுவோம். லாரி மாப்பிள்ளை முன்னால் உட்காரட்டும். நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன்.

அண்ணன், இரவு 8:47
மாமா, ஒப்புக்கொள்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. வண்டி வாங்கி ஐந்து மாதம் ஆகிறது, இன்றுதான் முதன்முதலாக ஸ்டெப்னியை வெளியே எடுத்தேன். அதில் இருக்க வேண்டிய காற்றில் பாதிகூட இல்லை. காலையில் போகும் வழியில் அடித்துக்கொள்ளலாமா?

லாரி மாமா, இரவு 8:49
ஐந்தே முக்காலுக்கு எந்தக் கடைக்காரர் எழுந்து வருவார்? பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பஞ்சர் கடை ஒன்பது மணி வரை திறந்திருக்கும். ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு இப்போதே ஓடு.