பெட்டி வரைபடத்தில் ஒரு தோசைச் சிக்கல்

எல்லோருக்கும் வணக்கம். ரங்கூனிலிருந்து எழுதுகிறேன். இணையவழியில் அடிப்படைப் புள்ளியியல் படிக்கிறேன்.

பயிற்சிக்காக, அத்தை கடையில் 11 நாள் காலையில் விற்ற தோசைகளை எண்ணினேன்: 32, 35, 36, 38, 40, 41, 43, 47, 52, 55, 72. (அந்த 72 தைப்பூசத்தன்று. மாவு தீர்ந்துபோய் அத்தை என்னைத் திட்டியது தனிக்கதை.)

ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் பெட்டி வரைபடம் (பாக்ஸ் பிளாட்: நடுப்பாதி எண்களைப் பெட்டியாகவும், மீதியை இருபுறமும் 'மீசை'க் கோடுகளாகவும் காட்டும் படம்) போட்டால் 72 தனிப் புள்ளியாக வெளியே நிற்கிறது. எக்செலில் புள்ளியே இல்லை, மேல் மீசை 72 வரை நீள்கிறது! கையால் போட்டுப் பார்த்தேன். இடைநிலையான (நடு எண்ணான) 41-ஐ இரண்டு பாதியிலும் சேர்த்தால் கால்மானங்கள் (அந்தந்தப் பாதியின் நடு எண்கள்) 37, 49.5, ஒன்றரை மடங்கு விதிப்படி (மேல் கால்மானத்தோடு இரண்டு கால்மானங்களின் இடைவெளியில் ஒன்றரை மடங்கைக் கூட்டி, அதைத் தாண்டுவதைத் தனிப் புள்ளியாக்குவது) மேல் எல்லை 68.25. சேர்க்காவிட்டால் 36, 52, எல்லை 76. காரணம் இதுதான் போலிருக்கிறது.

சரி, எக்செலையும் 41-ஐச் சேர்த்துக் கணக்கிட வைப்பது எப்படி? வீட்டுப்பாடத்தில் எதை எழுதுவது? அப்புறம், ஹிஸ்டோகிராமுக்கு (எண்களை இடைவெளிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை என்று காட்டும் பட்டைப் படம்) 7 கட்டம் கேட்டால் ஆர் 9 தருகிறதே, அது ஏன்?

வீடியோ வேண்டாம், எழுத்தில் சொல்லுங்கள். இங்கே கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. ஞாயிறு இரவுக்குள் அனுப்ப வேண்டும்.