ராடா16 ஜெல்லில் செல்கள் செத்துப்போகின்றன, பாலிமருக்கு மாறிவிடலாமா?

கேள்வி:
மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். ராடா16 என்பது தானாகவே இழைகளாகச் சேர்ந்து ஜெல்லாகும் பெப்டைடு (சிறு புரதத் துண்டு). அதன் 1% கரைசலில் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்களை மீடியத்தோடு (செல் வளர்க்கும் திரவம்) விட்டால், பைப்பெட் முனையிலேயே கட்டி கட்டியாகத் திரண்டுவிடுகிறது. மறுநாள் ட்ரிபான் நீலம் விட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் நீலம், அதாவது செத்தவை. அப்பாவின் காலில் சர்க்கரைப் புண் ஆற எட்டு மாதம் ஆனது. அதைப் பார்த்துத்தான் இந்த ஆய்வுத் தலைப்பை எடுத்தேன், விட மனமில்லை. புளூரோனிக் எஃப்127 பாலிமருக்கு மாறலாமா?

பதில் 1:
எஃப்127 கையாளச் சுகம். 20% கரைசல் குளிரில் தண்ணீராக ஓடும், உடல் சூட்டில் இறுகும். ஆனால் மேலே மீடியம் ஊற்றினால் சில நாளில் கரைந்துவிடும். வெறும் மைசெல்கள் (பாலிமர் மூலக்கூறுகள் கூடிய நுண் உருண்டைகள்) நெருக்கியடித்து நிற்பதுதானே அது. வாரக்கணக்கில் செல் வளர்க்க உதவாது.

பதில் 2:
மாறாதீர்கள் தம்பி. பெப்டைடு கெட்டுப்போகவில்லை, அவசரப்பட்டுவிடுகிறது, அவ்வளவுதான். கரைசல் நல்ல அமிலம். அதில் பெப்டைடிலுள்ள ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தின் நேர் மின்னூட்டம் ஓங்கியிருப்பதால் இழைகள் ஒன்றையொன்று தள்ளி நிற்கும். உப்பு பட்டதும் அந்தத் தள்ளல் அடங்கி, பின்னி வலையாகிவிடும். உங்கள் மீடியம் முழுக்க உப்புதானே!

செல்களை 10% சுக்ரோஸில் கழுவி, அதிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். பெப்டைடை முன்பே சோனிகேட்டர் (ஒலி அலையால் அதிரவைக்கும்) தொட்டியில் வைத்தால் இளகியிருக்கும். குமிழி வராமல் இரண்டு மூன்று முறை இழுத்து விட்டால் போதும். அமிலத்தில் செல்கள் தவிக்கும், அதனால் மளமளவென்று முடியுங்கள். அப்புறம் வளர்ப்புத் தட்டின் குழியில் சுவரோரமாக மீடியத்தை மெல்ல விடுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு முறையாவது மாற்ற வேண்டும். இதை விட்டுவிட்டு நான் ஒரு தட்டு முழுக்க இழந்திருக்கிறேன், இன்றும் மனம் ஆறவில்லை. மீடியத்தில் ஃபீனால் சிவப்பு (அமிலத்தைக் காட்டும் சாயம்) இருந்தால் அதன் நிறத்தைப் பாருங்கள்: மஞ்சளானால் அமிலம் இன்னும் வெளியே வந்துகொண்டிருக்கிறது.

எண்டோஸ்கோப் வழியாக ரத்தக் கசிவை நிறுத்த மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒரு ஜெல்லும் இதே ராடா16தான். கண்ணாடி போலத் தெளிவு. கசியும் இடம் அதன் ஊடாகவே தெரியும். இவ்வளவு நல்ல பொருளை விட்டுவிடாதீர்கள்.

கேட்டவர்:
அக்கா, கட்டி வரவில்லை! மூன்றாவது மாற்றத்தில்தான் மீடியம் சிவப்பாகவே நின்றது. இன்று காலை பெரும்பாலான செல்கள் உயிரோடு இருக்கின்றன. ஆனால் உருண்டையாகவே கிடக்கின்றன, விரியவில்லை.

பதில் 2:
ரொம்பச் சந்தோஷம். விரியாததற்குக் காரணம், ராடா16இல் செல் பற்றிக்கொள்ளும் வரிசை எதுவும் இல்லை. ஆர்ஜினைன், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் என்ற மூன்றெழுத்து வரிசையை முனையில் கோத்த ராடா16ஐக் கொஞ்சம் கலந்து பாருங்கள். எந்த விகிதம் என்பதை மூன்று நான்கு குழிகளில் மாற்றி வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். படம் எடுத்தால் இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.